கணித ஞானியின் சிரிப்பு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)





கணிதம் என்ற சொல் காதில் விழுந்ததும் மனிதர் முகத்தில் உண்டாகும் மாறுதலை நாம் யாவரும் அறிவோம். சிலருக்குப் பரீட்சை மண்டபம் நினைவுக்கு வரும். சிலருக்குப் பிரம்பு நினைவுக்கு வரும். கணித அறிஞன் என்றால் சிரிக்கத் தெரியாதவன், உலகம் தெரியாதவன் என்பது பொதுவான எண்ணம். சமயமும் தமிழும் பேசப்படும் இம் மேடையில் இப்பொருளை ஏன் எடுத்தோம் என்று பெரியோர்கள் வினவலாம். எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றிய மரபு நம்முடையது. ஒரு கண்ணைப்பற்றி நாள்தோறும் பேசுகிறோம். மற்றக் கண்ணைப்பற்றியும் ஒருநாள் பேசுவதிற் குற்றமில்லை என்று எண்ணியே துணிந்தோம்.

நாம் இன்று பேச எடுத்துக்கொண்டவர் இங்கிலாந்து தேசத்துக் கணித மேதை ஜோன் எடென்சர் லிற்றில்வூட் என்பவர். அவர் 1885 ஆம் ஆண்டு பிறந்தார். இளமையின் ஒரு பகுதியைத் தென்னாபிரிக்காவிற் கழித்தார். கேம்பிறிட்ஜ் சர்வகலாசாலையின் திரித்துவக் கல்லூரியிற் கற்று, அங்கேயே பேராசிரியராகி, 1977 இல் அங்கேயே மறைந்தார். அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகள் நம் போன்றோருக்கு எட்டாதவை. ஆனால் 1953 இல் அவர் சிறு நூலொன்று வெளியிட்டார். கணிதன் ஒருவனின் பல்சுவைத் திரட்டு என்று அதன் பெயரைத் தமிழிற் சொல்லலாம். கணிதத்தில் அழகானவை, பௌதிகத்தில் விந்தையானவை, நண்பர்களின் வேடிக்கைகள், அச்சுப்பிழைகள், அன்றாடம் மனத்திலே தோன்றிய சிறு யோசனைகள் எல்லாம் அதிற் கலந்து கிடக்கின்றன. 1986 இல் அது விரிவுபெற்று மீண்டும் வெளிவந்தது. அந்நூலை முன்வைத்து ஒரேயொரு கருத்தைச் சொல்ல விரும்புகிறோம். கணித ஞானியின் சிரிப்பு பிறரை இகழும் சிரிப்பன்று; தன் சொல்லைத் தானே நிறுத்துப் பார்ப்பவனின் சிரிப்பு.

முதலில் ஒரு வேடிக்கை. லிற்றில்வூட் எழுதிய கட்டுரை ஒன்று பிரெஞ்சு மொழியில் வெளிவரவேண்டியிருந்தது. றீஸ் என்னும் பேராசிரியர் அதை மொழிபெயர்த்து உதவினார். நன்றி கூறாது விடலாமா? இக்கட்டுரையை மொழிபெயர்த்தமைக்காக றீஸ் அவர்களுக்கு நன்றி என்று அடிக்குறிப்பு ஒன்று பிரெஞ்சிலே இடப்பட்டது. ஆனால் அந்த அடிக்குறிப்பையும் மொழிபெயர்த்தவர் றீஸ்தானே! ஆகவே, மேற்படி அடிக்குறிப்பை மொழிபெயர்த்தமைக்கு நன்றி என இரண்டாவது குறிப்பு. அதையும் மொழிபெயர்த்தவர் அவரே. எனவே அதே வாசகத்துடன் மூன்றாவது குறிப்பு. இப்படியே போனால் முடிவு எங்கே என்று நீங்கள் கேட்பீர்கள். முடிவு உண்டு. மூன்றாவது குறிப்பும் இரண்டாவது குறிப்பும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. பிரெஞ்சு அதிகம் அறியாத லிற்றில்வூட்டும் முன்னுள்ள வரியைப் பார்த்துத் தாமே எழுதிவிடலாமன்றோ? ஆதலால் நன்றிக்கடன் மூன்றோடு முறைப்படி தீர்ந்துவிட்டது. முடிவிலி என்னும் கிணற்றுள் விழப்போன ஒருவரைத் தருக்கம் ஓரத்திலே பிடித்து நிறுத்தியது போன்றது இது. எம் சங்கத்தின் நன்றியுரைகளுக்கும் இத்தகைய தேற்றம் ஒன்றை யாராவது கண்டுபிடித்துத் தந்தால் நல்லது.

இன்னொன்று. முதலாம் உலகப் போரின்போது லிற்றில்வூட் பீரங்கிப் படையின் அதிகாரியாகச் சேர்ந்து, குண்டு செல்லும் பாதையைக் கணிக்கும் பணியைச் செய்தார். அவர் எழுதிய அறிக்கை ஒன்றின் இறுதியில், சிக்மா என்னும் கிரேக்க எழுத்தாற் குறிக்கப்பட்ட கணியத்தை இயன்றவரை சிறிதாக்க வேண்டும் என்று முடிவு கூறியிருந்தார். அறிக்கை அச்சாகி வந்தது. இறுதி வாக்கியத்தைக் காணவில்லை. அவ்விடத்தில் வெறுமையும், வெறுமையின் நடுவே தூசி போன்ற ஒரு புள்ளியும் இருந்தன. உற்றுப் பார்த்தபோது அப்புள்ளி ஒரு சிக்மா! சிக்மாவைச் சிறிதாக்கும்படி எழுதியிருந்ததை அச்சகத்தார் தமக்கிட்ட கட்டளையாகக் கொண்டு, எங்கெங்கோ தேடி, கிடைத்தவற்றுள் மிகச் சிறிய எழுத்தை எடுத்துக் கோத்துவிட்டனர். எழுதியவர் ஒரு பொருளை நினைத்தார். படித்தவர் வேறொரு பொருளைக் கொண்டார். சொல் ஒன்றே. சொல்லுக்கும் பொருளுக்கும் இடையே எத்துணை அகலமான பள்ளம் இருக்கக்கூடும் என்பதைக் கணிதன் நாள்தோறும் காண்கிறான். சாதாரண மனிதர் கோபிக்கும் இடத்தில் அவன் சிரிக்கிறான்.

இனி, சிரிப்பே நிறுவலாக மாறும் ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். புகையிரதப் பெட்டி ஒன்றில் மூன்று பெண்மணிகள் இருக்கின்றனர். மூவர் முகத்திலும் கரி படிந்திருக்கிறது. தன் முகத்தை ஒருத்தியும் காணாள். மற்ற இருவர் முகத்தையும் கண்டு மூவரும் சிரிக்கின்றனர். திடீரென முதலாமவள் சிரிப்பை நிறுத்துகிறாள். ஏன்? அவள் இவ்வாறு எண்ணுகிறாள்: “என் முகம் சுத்தமாக இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் இரண்டாமவள் என்ன காண்பாள்? என் முகத்தைச் சுத்தமாகவும் மூன்றாமவள் முகத்தைக் கரியாகவும் காண்பாள். மூன்றாமவளோ சிரித்துக்கொண்டிருக்கிறாள். யாரைப் பார்த்து? சுத்தமான என்னைப் பார்த்துச் சிரிக்கக் காரணமில்லை. ஆகவே தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று இரண்டாமவள் உணர்ந்து நிறுத்தியிருப்பாள். அவள் நிறுத்தவில்லையே! ஆதலால் என் முகத்திலும் கரி இருக்கிறது.”

கண்ணாடி இல்லை, எடுத்துச் சொல்வார் இல்லை. அயலாரின் நடத்தையை ஆராய்ந்து தன் முகத்தை அறிந்துகொண்டாள் அப்பெண். லிற்றில்வூட் நூலில் உள்ள இப்புதிர் இன்று விளையாட்டாக நின்றுவிடவில்லை. ஒருவர் அறிந்ததை மற்றவர் அறிவார் என்பதை அறிதல் என்னும் ஆராய்ச்சியில், தருக்க நூலாரும் கணிப்பொறி நூலாரும் இதன் வகைகளை மாணவருக்குப் போதிக்கின்றனர். நாம் அதிலே வேறொரு பாடமும் காண்கிறோம். சகோதரன் கண்ணிலுள்ள துரும்பையும் தன் கண்ணிலுள்ள உத்திரத்தையும்பற்றி இயேசுநாதர் சொன்னதை மிஷன் பாடசாலையிலே படித்தோம். பிறர் குற்றத்தைக் காணும் கண்ணால் தன் குற்றத்தையும் காண்க என்று வள்ளுவர் அறிவுறுத்தியதை வீட்டிலே படித்தோம். இரு பெரியோரும் அறமாகச் சொன்னதைக் கணிதன் தருக்கமாகச் செய்து காட்டுகிறான். பெட்டியில் உள்ள யாவரும் சிரிக்கும்போது நம் முகத்தைப்பற்றி ஒரு கணம் யோசித்தல் அறம் மட்டுமன்று, அறிவும் அதுவே.

அடுத்து, இயலாது என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். நாம் எத்தனை எளிதாக அதைச் சொல்லிவிடுகிறோம்! கணிதன் அச்சொல்லைப் பொன்னைப்போல நிறுத்தே கொடுப்பான்.

ஒரு சதுரத்தை, ஒன்றுக்கொன்று சமமில்லாத சிறு சதுரங்களாகப் பிரிக்க முடியுமா? முடியாதென்றே பலர் எண்ணியிருந்தனர். 1930 களின் பிற்பகுதியில் இவ்வினாவை ஆராயத் தொடங்கியவர்கள் பேராசிரியர்களல்லர். அதே திரித்துவக் கல்லூரியின் மாணவர் நால்வர். புறூக்ஸ், சிமித், ஸ்ரோன், ரற் என்பன அவர்கள் பெயர்கள். முடியும் என்று காட்டி, 1940 இற் கட்டுரை வெளியிட்டனர். 21 சதுரங்களுக்குக் குறைவாக அப்படிச் செய்ய இயலாது என்பதும், 21 கொண்டு செய்யும் வழியும் 1978 இல் தெளிவாயின.

சரி, சதுரத்துக்கு முடியுமென்றால், பெட்டிபோன்ற சதுரமுகிக்கும் முடியுமா? ஒரு சதுரமுகிப் பெட்டியை, ஒன்றுக்கொன்று அளவில் வேறுபட்ட சதுரமுகிக் கட்டைகளால் இடைவெளியின்றி நிரப்பலாமா? இயலாது. அந்த நிறுவலை லிற்றில்வூட் தம் நூலில் அழகின் உதாரணமாக வைக்கிறார். கரும்பலகையும் வேண்டாம், கேட்டபடியே விளங்கிக்கொள்ளலாம். பெட்டியின் தரையிலே உட்கார்ந்திருக்கும் கட்டைகளுள் மிகச் சிறியதைப் பாருங்கள். அது பெட்டியின் சுவரை ஒட்டி இருக்க முடியாது. இருந்தால், பக்கத்திலுள்ள பெரிய கட்டைகளுக்கு நடுவே தரையில் அதன் அகலத்துக்கு ஒரு சந்து உண்டாகும். அச்சந்தை நிரப்ப அதனிலும் சிறியது வேண்டும். அப்படி ஒன்று தரையில் இல்லை. ஆகவே அது நடுவில் இருக்கிறது. நாற்புறமும் அதைவிட உயர்ந்த கட்டைகள் மதில்போல் நிற்கின்றன. அதன் தலைமேல் வைக்கும் கட்டைகள் அம்மதிலுக்குள் அடங்கவேண்டும். ஆதலால் அவை அதனிலும் சிறியவை. அவற்றுள் மிகச் சிறியதும் முன்போலவே மதிலுக்குள் அகப்பட்டு நடுவில் நிற்கும். அதன் தலைமேல் இன்னும் சிறியவை. அவற்றுள் மிகச் சிறியதன் தலைமேல் மேலும் சிறியவை. கட்டைகளுக்கு முடிவே இல்லை. பெட்டியிலோ எண்ணி முடியும் தொகைதான் உண்டு. ஆகவே இயலாது. இங்கே இயலாது என்றால் இன்றும் இயலாது, என்றும் இயலாது, எவராலும் இயலாது.

அதே மனிதர் பௌதிகத்தின் பக்கம் திரும்பி ஒரு விசித்திரமான கணக்குப் போடுகிறார். நரகம் போன்ற பெருவெப்பத்தில் ஓர் எலி ஒரு வாரம் உயிரோடிருக்க முடியுமா? இது இயலாது என்று நாம் அனைவரும் ஒரே குரலிற் சொல்வோம். அவர் அச்சொல்லைச் சொல்ல மறுக்கிறார். வெப்பம் என்பது எண்ணற்ற மூலக்கூறுகளின் ஒழுங்கற்ற ஓட்டம். அவை யாவும் தற்செயலாக எலியை விட்டு விலகியோடும் நிகழ்தகவு மிக மிகச் சிறியதாயினும் பூச்சியமன்று. அதை எழுத வேண்டிய பின்னத்தின் கீழெண்ணை முழுமையாக எழுத உலகத்துத் தாளெல்லாம் போதாது. ஆயினும் அது பூச்சியமன்று. எலிக்கு இது பெரிய ஆறுதலாக இராது. நமக்கோ பெரிய பாடம். கட்டைகளுக்கு இயலாது என்றவர் எலிக்கு அருமை என்று மட்டுமே சொல்கிறார். நிறுவியதற்கும் நம்பியதற்கும் உள்ள வேறுபாட்டை வேடிக்கையான கணக்கிலும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

எப்போதும் என்னும் சொல் இதனிலும் அபாயமானது. 2, 3, 5, 7, 11 என்றாற்போலத் தன்னாலும் ஒன்றாலுமன்றி வேறெதனாலும் மிச்சமின்றி வகுபடாத எண்களை முதன்மை எண்கள் என்கிறோம். ஓர் எல்லைக்குள் அவை எத்தனை என்பதை ஏறக்குறையச் சொல்லும் சூத்திரம் ஒன்று உண்டு. 1,000,000 வரை உள்ள முதன்மை எண்கள் 78,498. சூத்திரம் தருவதோ ஏறக்குறைய 78,628. சற்றே கூடுதல். இன்னும் மேலே சென்று பார்த்தாலும் சூத்திரம் கூட்டியே சொல்கிறது. எண்ணிப் பார்த்த இடமெல்லாம் அப்படியே. ஆகவே எப்போதும் அப்படித்தான் என்று யார்தான் எண்ணமாட்டார்? ஆனால் 1914 இல் லிற்றில்வூட் அது தவறென்று நிறுவினார். வெகுதூரத்தில் ஓரிடத்தில் அது தலைகீழாக மாறும். ஒருமுறையன்று, முடிவின்றிப் பலமுறை மாறும். அந்த இடம் எது? அவரது மாணவர் ஸ்கியூஸ், றீமானின் கருதுகோள் உண்மையென வைத்துக்கொண்டு, 1933 இல் ஓர் எல்லை கூறினார். அந்த எண்ணை எழுதும் முறை இது: 10 இன் அடுக்காக 10, அதன் அடுக்காக 10, அதன் அடுக்காக 34. பிற்கால ஆராய்ச்சியால் அவ்வெல்லை வெகுவாகக் குறைந்து, 317 இலக்கங்கள் கொண்ட எண் ஒன்றின் அருகே மாறுதல் உண்டென்று தெரியவந்திருக்கிறது. ஆயினும் நேரில் எண்ணிப் பார்த்த எல்லைக்குள் இன்றுவரை ஒரு விதிவிலக்கேனும் அகப்படவில்லை.

அன்பர்களே, இதைச் சற்று நிதானமாக யோசிக்கவேண்டும். கோடானுகோடி உதாரணங்கள் ஒரே திசையைக் காட்டின. அவ்வளவும் சேர்ந்தும் எப்போதும் என்னும் ஒரு சொல்லை வாங்கப் போதவில்லை. நாமோ இரண்டு மனிதரைக் கண்டுவிட்டு, அந்த ஊரார் எப்போதும் இப்படித்தான் என்கிறோம். மூன்று மனிதரைக் கண்டுவிட்டு, அந்தச் சாதியார், அந்தச் சமயத்தார், அந்த இனத்தார் ஒருபோதும் திருந்தார் என்கிறோம். இத் தீவில் இத்தகைய சொற்களுக்கு எல்லாத் தரப்பாரும் கொடுத்த விலையைப் பெரியோர்கள் எம்மிலும் நன்றாக அறிவர். எண்களுக்கு லிற்றில்வூட் காட்டிய நீதியிற் பத்திலொரு பங்கை அயலானுக்கு நாம் காட்டினாற் போதும்.

முதன்மை எண்களைப் பேசும்போது நம்மவர் ஒருவரை மறக்கலாகாது. 1913 இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தின் எழுதுவினைஞர் சீநிவாச இராமானுஜன் கேம்பிறிட்ஜுக்கு அனுப்பிய கடிதத்தை, ஹார்டி என்னும் பேரறிஞர் லிற்றில்வூட்டுடன் சேர்ந்தே ஆராய்ந்தார். அதில் முதன்மை எண்கள்பற்றிய சில முடிவுகள் தவறானவை. ஆனால் அவற்றைக் கண்டு அவர்கள் கடிதத்தை எறிந்துவிடவில்லை. எழுதியவர் மாமேதை என்று முடிவு செய்தனர். ஒவ்வோர் எண்ணும் இராமானுஜனுக்கு உற்ற தோழன் என்று லிற்றில்வூட் பிற்காலத்திற் சொன்னதாக ஹார்டி குறிப்பிடுகிறார். பிழையைப் பிழையென்றும் பெருமையைப் பெருமையென்றும் ஒரே வேளையில் காணுதல் எளிதன்று.

அந்த ஹார்டியும் லிற்றில்வூட்டும் 35 ஆண்டுகள் சேர்ந்து உழைத்தனர். ஏறக்குறைய நூறு கட்டுரைகள் இருவர் பெயரிலும் வெளிவந்தன. லிற்றில்வூட் என்று ஒருவரே இல்லை, தரங்குறைந்த கட்டுரைகளுக்கு ஹார்டி இட்ட புனைபெயரே அது, என்று ஒரு வேடிக்கைக் கதைகூட உலாவியது. அவர்கள் கூட்டுறவுக்கு நான்கு விதிகள் இருந்தன என்று டென்மார்க்குக் கணித அறிஞர் ஹரால்ட் போர் கூறியுள்ளார். ஒருவர் மற்றவருக்கு எழுதுவது சரியோ பிழையோ என்பது பொருட்டன்று. வந்த கடிதத்தைப் படிக்கவோ பதில் எழுதவோ கடமையில்லை. இருவரும் ஒரே நுணுக்கத்தை ஒரே வேளையில் எண்ணாதிருத்தல் நன்று. ஒருவர் யாதும் செய்யாதிருந்தாலும் இருவர் பெயரும் கட்டுரையில் இருக்கும். இவற்றுள் இரண்டாம் விதியை, அதாவது கடிதங்களுக்குப் பதில் எழுதாமையை, எம் செயற்குழு நெடுநாளாகவே கடைப்பிடித்து வருகிறது. நான்காம் விதியின் உட்பொருளைத்தான் இன்னும் கற்கவில்லை. எவர் பெயர் முன்னே, எவர் படம் பெரிது என்னும் கேள்வி இல்லாத இடத்திலேதான் பெரிய வேலை நடக்கிறது.

பௌதிகத்திலிருந்து இன்னொரு செய்தி. 1938 இல் பிரித்தானிய வானொலி ஆராய்ச்சியாளர் தமக்கு விளங்காத சில சமன்பாடுகளைப்பற்றிக் கணித அறிஞரின் உதவியை நாடினர். மேரி கார்ட்றைட் என்னும் பெண் அறிஞர் அவ்வழைப்பைக் கண்டு லிற்றில்வூட்டையும் சேர்த்துக்கொண்டார். வானொலி வால்வின் அலைவைக் கூறும் சமன்பாட்டை இருவரும் போர்க்காலம் முழுவதும் ஆராய்ந்தனர். கருவியிற் பழுதே இல்லாதபோதும் சமன்பாட்டின் உள்ளிருந்தே ஒழுங்கற்ற நடத்தை தோன்றக்கூடும் என்பது தெரியவந்தது. 1945 இல் அதன் முடிவுகள் வெளியாயின. இன்று உலகெங்கும் கற்பிக்கப்படும் ஒழுங்கின்மைக் கொள்கைக்கு அது ஒரு முன்னோடி. குழப்பம் கண்டவிடத்துக் குற்றவாளியை வெளியே தேடுமுன் நம் சமன்பாட்டையும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது இதன் சாரம்.

இவ்வளவும் கேட்டபின், இவர் கவலையறியாத மனிதர், அதனாற் சிரித்தார் என்று சிலர் நினைக்கக்கூடும். உண்மை அதுவன்று. லிற்றில்வூட் மலையேறுவார், நீந்துவார், உடல் வலிமை மிக்கவர். ஆயினும் நெடுங்காலம் மனச்சோர்வு என்னும் நோய் அவரை வாட்டியது. 1957 இலேதான், எழுபது வயதைக் கடந்தபின், மருந்தினால் அவருக்கு நற்சுகம் கிடைத்தது. அதன்பின் அமெரிக்கா சென்று விரிவுரைகளும் ஆற்றினார். நாம் பேசிய சிரிப்பு நூல் வெளிவந்தது 1953 இல் என்பதை நினைவிற் கொள்க. இருளுக்குள் இருந்தபோதே அவர் அதை எழுதினார். எம் வயதினர் சிலர் தம் மனச்சோர்வை வெளியே சொல்ல வெட்கப்படுகின்றனர். பெரும் அறிவும் கட்டுடலும் உள்ளவருக்கும் வரும் நோயே அது. மருத்துவரை நாடுவதிற் சிறுமையில்லை. பெற்றோரும் பெரியோரும் இதனைக் கேட்டுக்கொள்ள வேண்டுகிறோம்.

ஆகவே அன்பர்களே, கணிதம் நமக்குத் தருவது விடைகளை மட்டுமன்று. எப்போதும், ஒருபோதும், இயலாது என்னும் சொற்கள் நாவில் எழும்போது ஒரு கணம் நின்று, நிறுவினோமா, நம்பினோமா என்று கேட்கும் வழக்கத்தையும் அது தருகிறது. அவ்வழக்கம் உள்ளவனுக்குச் சிரிப்பு தானே வரும். ஏனெனில் நின்று பார்த்தவுடன் அவன் முதலிற் காண்பது தன் முகத்துக் கரியைத்தான். அதைக் கழுவிக்கொள்ளவும் அவனுக்கு நேரம் இருக்கும்.

பொறுமையோடு செவிமடுத்த பெரியோர்களுக்கும், நடுவில் எழுந்து போகாத இளைஞர்களுக்கும் எமது நன்றி. இந்த நன்றிக்கு அடிக்குறிப்பு இல்லை.